மேட்டூர் நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் நாலு வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேலம் பதிப்பில் மேட்டூர் அணை நீர்மட்டத்தை நீங்கள் தினமும் போடுகிறீர்கள். 120 அடியில் இன்று எத்தனை அடி, எத்தனை டி.எம்.சி., வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று எல்லாம் இருக்கும். சொந்தமாக ஒரு சென்ட் வயல்கூட இல்லாத அம்மாபேட்டைக்காரரும் அதைப் படித்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் போகிறார். அதற்குப் பக்கத்தில் வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை என்றே வைத்துக்கொள்ளுங்களேன், நாலு வரி இடம் கேட்கத்தான் இந்தக் கடிதம். நம் ஏரிகளுக்கு இந்த வாரம் எந்தப் பறவை வந்திருக்கிறது, எது கிளம்பிவிட்டது, கரையில் என்ன பூத்திருக்கிறது, ஏற்காட்டில் காப்பி பூத்துவிட்டதா இல்லையா, அவ்வளவுதான். தங்கம் விலைக்குக் கொடுக்கிற இடத்தில் பாதி போதும்.

நீங்கள் பறவைகளைப் பற்றிப் போடுவதே இல்லை என்று சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை, மார்கழியிலோ தையிலோ, பெரிய வண்ணப் படம் ஒன்று வரும், 'ஏரியில் குவிந்த வெளிநாட்டுப் பறவைகள்' என்று தலைப்பு இருக்கும். உங்கள் பேப்பர் மட்டுமில்லை, எல்லாப் பேப்பரும் டிவியும் இப்படித்தான். படத்தைப் பார்த்தால் நத்தைக்குத்தி நாரை, இல்லாவிட்டால் கூழைக்கடா, அதுவும் இல்லாவிட்டால் மஞ்சள் மூக்கு நாரை. செய்திக்குள் ஆஸ்திரேலியா, சைபீரியா என்று இரண்டு மூன்று ஊர்ப் பெயர் கட்டாயம் இருக்கும். ஐயா, இந்த மூன்றும் நம்ம ஊர்ப் பறவைகள். கூழைக்கடா வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும், கர்நாடகத்தில் மத்தூர்ப் பக்கம் கொக்கரெ பெள்ளூரிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. மழையைப் பார்த்தும் மீனைப் பார்த்தும் இடம் மாறுமே தவிர, கடல் தாண்டிப் போவதில்லை. ஒரு ஏரி வற்றினால் அடுத்த ஏரி, அதுவும் வற்றினால் ஆறு, அணை.

இது சின்ன விஷயம், இதற்குப் போய் ஒரு கடிதமா என்று தோன்றலாம். எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. வெளிநாட்டுப் பறவை என்று படித்தால் நாம் என்ன நினைப்போம்? விருந்தாளி, வந்தது, போய்விடும், அடுத்த வருஷம் மறுபடி வரும், வராவிட்டால் அங்கே ஏதாவது ஆகியிருக்கும். நம்ம ஊர்ப் பறவை என்று தெரிந்தால்தானே, சித்திரை வெயிலில் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது இது எங்கே போய்த் தின்னும் என்ற கேள்வி வரும்.

நத்தைக்குத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அலகு இரண்டும் நடுவில் ஒட்டாது, ஒரு சந்து தெரியும். குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் வருகிறது. கலங்கல் தண்ணீரில் அலகை விட்டுத் துழாவும், நத்தை அகப்பட்டதும் உடனே தலையைத் தூக்காது. தண்ணீருக்குள்ளேயே வைத்து, கீழ் அலகின் நுனியை ஓட்டின் வாய்க்குள் செலுத்தி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, சதையை மட்டும் உருவிக்கொண்டுதான் நிமிரும். ஓடு பெரும்பாலும் உடையாது. அது மேய்ந்துபோன இடத்தில் காலி ஓடுகள் முழுசு முழுசாகக் கிடக்கும், எங்களோடு நடக்க வருகிற பிள்ளைகள் அதைப் பொறுக்கி டவுசர் பையில் போட்டுக்கொண்டு வீட்டில் திட்டு வாங்குவார்கள். வயலிலும் ஏரியிலும் நத்தை இருக்கிற வரைக்கும் இந்தப் பறவைக்கு இங்கே வேலை உண்டு. ஆஸ்திரேலியா போக வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

சரி, வெளிநாட்டிலிருந்து எதுவுமே வருவதில்லையா என்றால், வருகின்றன, நிறையவே வருகின்றன. ஆனால் படம் எடுக்க வருகிறவர்கள் பார்க்காத இடத்தில் இருக்கின்றன. தண்ணீர் முடிந்து சேறு தொடங்குகிற ஓரம் இருக்கிறதே, செருப்பு மாட்டிக்கொள்ளும் என்று நாம் ஒதுங்கிப் போகிற இடம், அங்கே ஐந்து நிமிஷம் அசையாமல் நின்று பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் சேறே நகர்வது போல இருக்கும். பழுப்பு முதுகில் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளி, கண்ணுக்கு மேலே வெளிறிய ஒரு கோடு, மஞ்சளோடிய பச்சைக் கால், மைனா அளவுகூட இல்லாத உடம்பு. இதுதான் பொரி உள்ளான். கணுக்கால் தண்ணீரில் நடந்துகொண்டே இடம் ஒரு கொத்து, வலம் ஒரு கொத்து, நின்றால் பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டும், பக்கத்தில் போனால் கீச்சென்று கத்திக்கொண்டு எழும்பும்போதுதான் வாலுக்கு மேலே இருக்கிற வெள்ளை தெரியும். ஸ்காண்டிநேவியாவிலிருந்து சைபீரியா வரைக்கும் உள்ள வடக்குச் சதுப்புக் காடுகளில் முட்டையிட்டுவிட்டு இங்கே வருகிறது. எடை ஐம்பது, அறுபது கிராம், ஒரு கோழிமுட்டை கனம்கூட இருக்குமோ என்னமோ. இதுதான் ஐயா நிஜமான வெளிநாட்டுப் பறவை, இதன் படத்தை எந்தப் பேப்பரிலும் முதல் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

இதோடு மஞ்சள் வாலாட்டியைச் சேருங்கள், ஏரிக்குப் போகிற வழியில் கரண்டுக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற தகைவிலானைச் சேருங்கள், தண்ணீருக்கு மேலே தாழப் பறந்து கொத்தி எழும்புகிற மீசை ஆலாவைச் சேருங்கள். ஆழம் உள்ள பக்கம் ஊசிவால் வாத்தும், நீலச்சிறகி என்கிற சின்ன வாத்தும் இருக்கும். நீலச்சிறகி வந்த புதிதில் ஆண் எது பெண் எது என்றே தெரியாது, எல்லாம் ஒரே பழுப்பு. மாசி வாக்கில் ஆணுக்குக் கண்ணுக்கு மேலே பளிச்சென்று வெள்ளைப் பட்டை வந்துவிடும், அது வந்தால் கிளம்பப் போகிறது என்று அர்த்தம். ஏரியில் வலை போடுகிற ஒருவர் இருக்கிறார், எங்களுக்கு முன்னாலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். "தாரா எறங்கிருச்சுங்கண்ணா, நேத்து ராத்திரியே சத்தம் கேட்டுது" என்பார். இது செய்தி இல்லாமல் வேறு எது செய்தி?

ஏரி தளும்பினால்தான் பறவை வரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான் சரி. முக்குளிப்பானுக்கும் நாமக்கோழிக்கும் நீர்க்காகத்துக்கும் ஆழம் வேண்டும். உள்ளானுக்கு நாலு விரல் தண்ணீர் போதும், அதற்கு மேலே போனால் கால் எட்டாது. இளஞ்சிவப்புக் குச்சிக் காலோடு நிற்கிற நெடுங்கால் உள்ளான் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகையில் ஏரிக்குத் தண்ணீர் வந்து, தை மாசியில் மெல்ல இறங்கும்போது நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுச் சேறு வெளியே வரும், அதில் புழுவும் பூச்சியும் நத்தையும் இருக்கும், உள்ளான்களுக்கு அந்த இரண்டு மாதமும் இலை போட்டு வைத்த மாதிரி. சாக்கடை கலக்கிற ஏரியில் இந்த இறக்கமே நடக்காது. கோடையிலும் தளும்பும், பார்க்கிறவர்களுக்குச் செழிப்பாகத் தெரியும், ஆனால் மேலே வெங்காயத்தாமரை பாய் விரித்திருக்கும். அதன்மேல் தாழைக்கோழியும் மடையானும் நடந்து போகும், வாத்து இறங்க இடம் இருக்காது.

இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம். ஏரியை அழகுபடுத்துகிறோம் என்றால் இப்போது எல்லா ஊரிலும் ஒரே முறைதான், எந்த ஏரி என்று பெயர் சொல்லிச் சண்டைக்கு இழுக்க நான் விரும்பவில்லை. சுற்றிலும் ஓரத்தை வெட்டி ஆழப்படுத்தி, கரையில் கல் பதித்து, சம்பையும் நாணலையும் வழித்து எடுத்து, நடைபாதை போட்டு, கலர் விளக்கு வைத்து, ஒரு செயற்கை நீரூற்றும் வைத்துவிடுவார்கள். நடக்க வசதிதான், நானும் நடக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் சேறு இருந்த இடம் போய்விட்டது. கரையும் தண்ணீரும் செங்குத்தாகச் சந்திக்கிற ஏரியில் உள்ளான் எங்கே நிற்கும்? சம்பு இல்லாமல் நீலத் தாழைக்கோழி எங்கே ஒளியும்? சுற்றுவட்டத்தில் ஒரு பக்கத்தை மட்டுமாவது, அதுவும் வெயில் படுகிற சரிவான பக்கமாகப் பார்த்து, அப்படியே விட்டுவிடச் சொல்ல யாரும் இல்லை, ஏனென்றால் அங்கே யாரோ குடியிருந்தார்கள் என்பதே யாருக்கும் தெரியாது. கன்னங்குறிச்சி மூக்கனேரியில் 2010ல் ஊர்க்காரர்கள் சேர்ந்து தூர் வாரியபோது, அள்ளிய மண்ணை வெளியே ஏற்றாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் வைத்தார்கள். இப்போது சாயங்காலம் போனால் கொக்கும் நீர்க்காகமும் அந்தத் திட்டுகளில் வந்து அடைவதைப் பார்க்கலாம். மனசு வைத்தால் செய்ய முடியும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை.

பூவுக்கு வருகிறேன். நம்ம பக்கத்து ஜனங்களுக்குப் பூவின் காலம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. போகி அன்றைக்குக் காப்புக் கட்டப் பூளைப்பூ வேண்டும், ஆவாரம்பூ வேண்டும், வேப்பிலை வேண்டும். இப்போது மார்க்கெட்டில் கட்டாகவே கிடைக்கிறது, வாங்கி வாசலில் செருகிவிட்டுப் போகிறோம். அது எங்கே முளைக்கிறது என்று கேட்டால் நகரத்துப் பிள்ளைகள் முழிப்பார்கள். ஏரிக்கரைக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள், பூளை தரையோடு தரையாக வெள்ளையாகப் பூத்து நிற்கும், பக்கத்திலேயே தும்பை, கொஞ்சம் ஈரமான இடத்தில் நீர்முள்ளி. நீர்முள்ளியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லாதீர்கள், கணுவுக்குக் கணு நீள முள், அதற்கு நடுவில் ஊதாப் பூ. வேலியில் செங்காந்தள் ஏறுவது அதற்கு முன்னால், கார்த்திகையை ஒட்டி. முதலில் பச்சை, அப்புறம் மஞ்சள், கடைசியில் தீப்பிடித்த சிவப்பு, ஒரே கொடியில் மூன்று நிறத்தையும் பார்க்கலாம். கிழங்கு கடும் விஷம் என்பதால் கை வைக்காமல் பார்ப்பது நல்லது. கரையோரம் ரோஸ் கலரில் எப்போதும் பூத்திருக்கிற நெய்வேலிக் காட்டாமணக்கையும் சிலர் அழகு என்று போட்டோ எடுக்கிறார்கள். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம்ம ஏரிகளைப் பிடித்துக்கொண்ட செடி, அந்த வெங்காயத்தாமரையும் அப்படித்தான். வெளிநாடு என்று தலைப்பு போட வேண்டுமானால் இவைகளுக்குப் போடுங்கள்.

ஏற்காட்டை விட்டுவிட்டு இந்த நாலு வரி முழுமையாகாது. மலையில் பெய்கிற மழைதான் ஓடைகளில் இறங்கிக் கீழே ஏரிகளுக்கும் திருமணிமுத்தாற்றுக்கும் வருகிறது, மேலே என்ன நடக்கிறது என்று தெரியாமல் கீழே பார்த்து என்ன பயன்? பங்குனி சித்திரையில் ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டு பத்து நாளில் காப்பிச் செடி பூத்துவிடும். கிளை தெரியாமல் வெள்ளை, மல்லிகை மாதிரி வாசனை, எங்கே பார்த்தாலும் தேனீ. மூன்று நாள், மிஞ்சினால் நாலு நாள், அப்புறம் பழுப்பாகி உதிர்ந்துவிடும். மே மாதக் கோடை விழாவுக்கு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், கண்ணாடி அரங்கில் தொட்டிப் பூவைப் பார்த்துவிட்டு, படகுத்துறையில் வரிசையில் நின்று திரும்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் காப்பிப் பூவைப் பார்த்ததே இல்லை. மழை எந்தத் தேதியில் விழுந்தது என்று பேப்பரில் வந்தால், பத்தாவது நாள் பஸ் ஏறிவிடலாம் அல்லவா? போகிற வழியில் பாறைச் சரிவுகளில் மஞ்சள்தொண்டைச் சின்னான் கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். தென்னிந்தியாவின் பாறை மலைகளைத் தவிர உலகத்தில் வேறு எங்குமே இல்லாத பறவை அது. அதைத் தேடி வெளிமாநிலத்திலிருந்து ஆள் வருகிறார்கள், நாம் அது இருக்கிற வளைவில் குரங்குக்கு பிஸ்கட் போட்டுக்கொண்டு நிற்கிறோம்.

கோடை பறவை பார்க்கும் காலமில்லை என்று பலர் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். காய்ந்த ஏரித் தரையில்தான் ஆள்காட்டி முட்டையிடும், கூடு என்று ஒன்றும் இருக்காது, கல்லோடு கல்லாகக் கிடக்கும், தெரியாமல் மிதித்துவிடக் கூடாது. தண்ணீர் நிற்கிற இடத்தில் அல்லி இலைமேல் நீளவால் இலைக்கோழி, அதில் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அப்பா வேலை. ஆடிக் காற்றுக்குப் பிறகு கருவேலங்கிளையிலும் பனையிலும் தூக்கணாங்குருவி கூடு. இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 1929-30ல் வெர்னே என்பவர் பெயரில் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையும் அதில் உண்டு. அதன் பறவைப் பகுதியை விஸ்லர், கின்னியர் என்ற இருவர் எழுதி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் தொடராக வெளிவந்தது. கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மலையில் எந்தப் பறவை இருந்தது என்று இன்றைக்கு ஒருவர் ஒப்பிட வேண்டுமானால் அதைத்தான் புரட்ட வேண்டும். ஏரிகளுக்கு அப்படி ஒன்று இல்லாதது பெரிய குறை. ஒரு காலத்தில் சேலத்துக்கே குடிதண்ணீர் கொடுத்த பனமரத்துப்பட்டி ஏரியில் அலை அடித்த நாளில் என்னென்ன வாத்து இறங்கியது என்று பெரியவர்களைக் கேட்டால் "அது கெடக்குது ஏகப்பட்டது" என்று கையை விரிப்பார்களே தவிர பெயரும் தேதியும் கிடைக்காது. வாரா வாரம் நாலு வரி என்று பத்து வருஷம் போட்டுப் பாருங்கள், முதல் நீலச்சிறகி எந்த வாரம் வந்தது, புங்கம் எந்த வாரம் பூத்தது, காப்பிக்கு மழை முந்தியதா பிந்தியதா என்று நம்மிடம் ஒரு கணக்கு இருக்கும்.

எழுத ஆள் எங்கே என்று கேட்பீர்கள். ஜனவரியில் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கு எடுக்கிறார்கள், சேலத்திலும் ஏரி ஏரியாக ஆட்கள் போகிறார்கள், கல்லூரிப் பிள்ளைகள், வாத்தியார்கள், கடை வைத்திருப்பவர்கள். வனத்துறையும் குளிர்காலத்தில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. இவர்களிடம் கேட்டால் போட்டி போட்டுக்கொண்டு தருவார்கள், காசும் கேட்க மாட்டார்கள், பெயரைத் தப்பில்லாமல் போட்டால் போதும். தாவரங்களுக்கு ஏற்காட்டிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்ளலாம். பிப்ரவரி 2 ஈரநில தினம், 1971ல் ஈரநிலங்களைக் காக்கிற ராம்சர் ஒப்பந்தம் கையெழுத்தான நாள், அன்றைக்குத் தொடங்கினால் பொருத்தமாக இருக்கும் என்று சிலர் சொல்லலாம். எனக்கென்னவோ புரட்டாசிதான் சரி என்று படுகிறது, உள்ளான்கள் வந்து இறங்கியிருக்கும், வாத்து வரத் தொடங்கியிருக்கும், ஆறுமணிக்குருவியும் இமயமலை அடிவாரத்திலிருந்து வந்து, களைத்துப்போய் யார் வீட்டு மொட்டைமாடியிலாவது விழுந்து கிடக்கும் காலம் நெருங்கும். அப்படி விழுந்த பறவையை என்ன செய்வது என்பதையும் ஒரு வாரம் போடுங்கள்: ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் நிழலாக வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றாமல், தெளிந்ததும் மரம் இருக்கிற பக்கம் விட்டுவிட வேண்டும், எழவில்லை என்றால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று. கூட்டின் இடத்தையும் ஆந்தை அடைகிற மரத்தையும் மட்டும் எக்காரணம் கொண்டும் போட்டுவிடாதீர்கள். போட்டால் மறுநாள் காலை ஆறு மணிக்கே பெரிய லென்ஸோடு பத்துப் பேர் நிற்பார்கள், கிளையை ஒதுக்கிக் கட்டிவிட்டுக் குஞ்சைப் படம் எடுப்பார்கள், தாய் அந்தப் பக்கம் திரும்பாது. ஏரி பெயர் போதும், மீதியை நடந்து போகிறவர்கள் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்கு நடக்கும் ஒரு வாசகர்,
கன்னங்குறிச்சி, சேலம்.